குவியலின் அடியில் உள்ள ஈரம்

விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் பலர் பட்டம் பெற்று வெளிவருகின்றனர். அவர்களுள் மக்கள் தொடர்புத் தொழிலைப் பழகச் செல்வோரும் உண்டு. ஒரு நிறுவனத்துக்காகச் செய்திக்குறிப்பு எழுதுவது, நிருபர்களை அழைப்பது, குறை கூறுவோருக்கு மறுமொழி தருவது ஆகியவை பழகுநரின் வேலைகள். சில மாதங்கள் பழகினால் சான்றிதழ் கிடைக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சொல்லச் சொன்னவர் முதலாளி, எழுதியவர் பழகுநர். எழுதியதில் ஏமாற்று இருந்தால் பாவம் யாரைச் சேரும்?

தொழிலே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. 1906-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் விபத்து நேர்ந்து பலர் மாண்டனர். செய்தியை மூடி மறைக்காமல் ரயில் நிறுவனமே அறிக்கை தரும்படி செய்தார் ஐவி லீ. அதே தொழிலின் மற்றொரு முன்னோடி எட்வர்ட் பெர்னேஸ். அவர் 1929-இல் ஒரு புகையிலை நிறுவனத்துக்காக, பெண்கள் சிகரெட் பிடிப்பதே விடுதலை என்று நியூயார்க் ஊர்வலத்தில் காட்ட ஏற்பாடு செய்தார். தொழில் ஒன்று, வழி இரண்டு.

நம் ஊர் விற்பனைக்கூடங்களுக்கு நெல்லும் மணிலாவும் கொண்டு செல்வோர் ஈரத்தின் கதையை நன்கு அறிவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட பெருமானார் அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. அவர் வாயால் பொய் சொன்னதாகவும் அச்செய்தியில் இல்லை. காய்ந்ததை மேலும் நனைந்ததை அடியிலும் வைத்ததே குற்றம்.

2024 டிசம்பர் முதல் நாள், ஃபெங்கல் புயல் மழையில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. அம்மழையில் இடுப்பளவு நீர் நின்ற ஒரு நிலத்தை மனைகளாக்கி விற்பதாக வைத்துக்கொள்வோம். கோடையில் எடுத்த படத்தைப் போட்டு, பேருந்து நிலையம் பக்கம், பள்ளிக்கூடம் பக்கம் என்று பழகுநர் எழுதுகிறார். ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். ஆனால் ஈரம் அடியில் இருக்கிறது! அதை வாங்கப் போகிறவர் ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டும் ஓர் ஏழை ஆசிரியராக இருக்கலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெளியிட வேண்டுமா? வேண்டியதில்லை. நோயாளியின் ரகசியமும், நம்பி ஒப்படைத்த வியாபார விவரமும் அமானிதம்; அவற்றைக் காப்பது கடமை. எதை அறியாததால் கேட்பவருக்கு நஷ்டம் வருமோ, அதை மறைப்பதே மோசடி.

"நான் பழகுநன்தானே, சொன்னதை எழுதினேன்" என்ற சமாதானம் செல்லுமா? வட்டி உண்பவரோடு, அதைக் கொடுப்பவரையும், கணக்கு எழுதுபவரையும், சாட்சி நிற்பவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்து, அனைவரும் சமமே என்றார்கள். எழுதியவரின் கைக்கு வட்டிப் பணத்தில் பங்கு போவதில்லை. ஆயினும் அவர் தப்பவில்லை. பேனா பிடித்த கைக்கும் கேள்வி கணக்கு உண்டு என்பதை இதிலிருந்து உணரலாம்.

சான்றிதழ் போய்விடுமே என்ற அச்சத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. கடன் வாங்கிப் படிக்க வைத்த பெற்றோர் வீட்டில் காத்திருக்கிறார்கள். ஆகவே எடுத்த எடுப்பிலேயே வேலையை உதற வேண்டியதில்லை. மேலதிகாரியிடம் பணிவாகச் சொல்லலாம்; மறைத்த விவரத்தைச் சேர்க்கக் கேட்கலாம்; மறுத்தால் வேறு பணி கோரலாம். மறைப்பதே முழு வேலையாக இருந்தால்தான் விலக வேண்டும். அப்படி விலகி வரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் அணைத்துக்கொள்வது பெற்றோர் கடமை.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவாக்கினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழி தரும் பாடம். நம் பிள்ளைகளின் நாவையும் எழுதுகோலையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.