கண்ணில் படாத திமிங்கலம்

டேட்டாபேஸோடு புழங்குகிறவர்களுக்கு ஒரு வித்தியாசம் சீக்கிரமே உறைத்துவிடும். பூஜ்யம் வேறு, 'நல்' வேறு. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. நல் என்றால் தெரியாது, அவ்வளவுதான். அலாஸ்காவின் வடகோடியில் 1977இல் வெடித்த சண்டையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அந்த வருஷம், இனுப்பியாட் மக்கள் போஹெட் திமிங்கலம் பிடிக்கக் கூடாது என்று சர்வதேச திமிங்கல ஆணையம் தடை போட்டது. வருஷக் கடைசியில், சரி, 12 பிடித்துக்கொள்ளுங்கள் என்று இறங்கிவந்தது. மிஞ்சியிருப்பதே இரண்டாயிரத்துக்குள்தான் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. வசந்தத்தில் கடல்பனி பிளந்து நீர்ப்பாதை திறக்கும்; அதன் ஓரத்தில் நின்று, கடந்துபோகிறவற்றை எண்ணுவார்கள். வேட்டைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. திமிங்கலம் பனிக்கு அடியிலும் போகும், தலையால் முட்டிப் பனியை உடைத்து மூச்சுவிடும், கண்ணுக்கெட்டாத தூரத்திலும் போகும் என்றார்கள். சோற்றுக்காகச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். ஹாரி பிரவர் என்ற மூத்த வேட்டைத் தலைவர் சொன்னதை தாமஸ் ஆல்பர்ட் என்ற விஞ்ஞானி அப்படித் தள்ளவில்லை. 80களில் கடலுக்குள் ஹைட்ரோஃபோன்களை இறக்கிக் கேட்டார்கள். யார் கண்ணிலும் படாத திமிங்கலங்கள் குரல் கொடுத்தபடி போய்க்கொண்டிருந்தன. 90களின் தொடக்கத்தில் கணக்கு ஏழாயிரத்தைத் தாண்டியது.

பழங்குடி அறிவை ஆய்வில் சேர்த்துக்கொண்ட வெற்றிக்கதையாக இதைச் சொல்கிறார்கள். வெற்றிதான். ஆனால் 'சேர்த்துக்கொள்வது' என்ற சொல்லிலேயே கதவு யார் கையில் என்பது தெரிந்துவிடுகிறது இல்லையா? கருவி தலையாட்டும்வரை அது அறிவாகவில்லை, வெறும் பேச்சு. அப்போது சோதிக்கவே கூடாதா என்று கேட்டால், தாராளமாகச் சோதிக்கலாம். அவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சோதித்தவர்கள்தானே. பனியைத் தப்பாகக் கணித்தால் அங்கே ஆளே போய்விடும். எங்கள் கோட் ரிவ்யூவில் அவ்வளவு கறார் கிடையாது.

எனக்கு உண்மையான சிக்கல் வேறு இடத்தில். அதே வேட்டைக்காரர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: தகுதியுள்ளவர்களிடம் திமிங்கலம் தன்னைத் தானே ஒப்புக்கொடுக்கிறது. இதைக் கேட்க ஹைட்ரோஃபோன் கிடையாது. ஆகவே பனிக்கடி நீச்சல் தரவாகிறது, இது 'கலாச்சாரம்' என்று இன்னொரு பெட்டிக்குப் போகிறது. நான் இதை நம்புகிறேனா? இல்லை. ஆனால் தன்னைத் தருகிற ஒன்றை அலட்சியமாகப் பார்க்க முடியாது. அவ்வளவு கூர்ந்து பார்க்கவைத்ததே இந்த நம்பிக்கையாக இருந்தால்? எண்ணிக்கையை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தை மரியாதையோடு ஒதுக்கிவைக்கிற நாம், அடுத்த தடவை எதைக் கேட்கத் தவறப்போகிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?