கட்டளையும் கரமும்

ஒரு பொருளைச் செய்தவர் யார் என்னும் வினாவுக்கு முன்னாளில் விடை எளிது. கடைசற்பொறியின் முன் நின்றவரே செய்தவர். பழுது நேரின் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

1952இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகம், எண்களின் கட்டளைப்படி உலோகம் வெட்டும் பொறியொன்றை இயக்கிக் காட்டியது. துளையிட்ட நாடாவிலிருந்த எண்கள் வெட்டுங்கருவியை நகர்த்தின. 1960களின் பிற்பகுதியில் ஒரே கணினி பல பொறிகளுக்குக் கம்பிவழி நேரே கட்டளையிடலாயிற்று. இன்று வலையமைப்பின் வழியே தொலைவிலிருந்தும் அது இயலும்.

இங்கேதான் அறவினா எழுகின்றது. அளவு பிழைத்த உறுப்பொன்று வெளிவரின் பொறுப்பு யாருடையது? எண்களை எழுதியவர் உலோகத்தைக் காணவில்லை. உலோகத்தின் அருகே நிற்பவருக்கோ எண்களைத் திருத்தும் உரிமை பெரும்பாலும் இல்லை.

இப்பிரிவினை பொறியின் இயல்பால் மட்டும் விளைந்ததன்று. தேர்ந்த தொழிலாளியின் கையசைவைப் பதிந்து, பொறி அதனை மீளச் செய்யும் முறையொன்றும் அக்காலத்தில் இருந்தது. அம்முறை பின்தள்ளப்பட்டமைக்கு, வேலைத்தலத்தின் அதிகாரத்தை நிர்வாகத்தின் கைக்கு மாற்றும் விருப்பமும் ஒரு காரணமென வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளியான தம் நூலில் வாதிட்டார்.

கையறிவின் பெறுமதியை வன்னி மக்கள் நன்கறிவர். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றை ஓடச் செய்தது, பழுதை நேரிற் கண்டு அவ்விடத்தே திருத்திய கைகளின் அறிவேயாகும்.

ஆயினும் எண்முறைப் பொறியை வெறுத்தல் தகாது. ஹெலிகொப்டரின் சுழலித்தகடுகளுக்கு வேண்டிய நுண்ணிய வளைவுகளைக் கைக்கணக்காற் பெறுதல் அரிதாயிருந்தமையே அதன் பிறப்புக்கு வித்திட்டது. இல்லாமை வளர்த்த திறனைப் போற்றுதல் வேறு. இல்லாமையையே விரும்புதல் வேறு.

நாம் வேண்டுவது ஒன்றே. பழுதுக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்குக் கட்டளையை வினவவும் திருத்தவும் உரிமை வேண்டும். ஆபத்தில் பொறியை நிறுத்தும் பொத்தான் அவர் கையருகே உண்டு. பிழையெனக் கண்டதை மாற்றும் உரிமை அதனின் வேறு. அதிகாரத்தை வலையமைப்பின் ஒரு முனையில் வைத்துக்கொண்டு, பழியை மட்டும் மறுமுனைக்கு அனுப்புதல் அநீதி.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இயங்குகின்றது. கட்டளை எழுதும் வல்லமையைப் பெறுவோர், அதனை ஏற்கும் கரத்தின் சொல் தம்மை வந்தடையும் வழியையும் அமைத்தல் வேண்டும். அவ்வழியை வற்புறுத்துதல் கலைப்பீடத்தாராகிய நமது கடன்.