ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே

கனடாவில், டொரண்டோ நகரத்தில் இருக்கும் என் சிற்றப்பா மகன் போன தை மாதம் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பழைய செங்கல் வீடுகள். ஒன்றின் கூரைமேல் ஒரு சாண் கனத்துக்குப் பனி படிந்து கிடந்தது. மற்றதன் கூரையில் பனி உருகி வழிந்து, இறவாணத்தில் ஈட்டி ஈட்டியாக உறைந்து தொங்கியது. "இதில் எது நல்ல வீடு, சொல் பார்க்கலாம்" என்று கீழே எழுதியிருந்தான்.

பனி இல்லாத வீடுதான் என்று நான் உடனே பதில் எழுதிவிட்டேன். பனியைத் தலையில் சுமந்துகொண்டிருக்கிற வீட்டில் யார் குடியிருப்பார்கள்? அவன் சிரித்திருப்பான் போலிருக்கிறது. பனி உருகுகிறது என்றால், உள்ளே காசு கொடுத்து மூட்டிய வெப்பம் கூரை வழியாகத் தப்பித்துப் போகிறது என்று அர்த்தமாம். பனி அப்படியே கிடக்கிறதே, அந்த வீட்டில்தான் மனிதர்கள் கதகதப்பாக இருக்கிறார்களாம். அவன் வாங்கியது எண்பது வருஷத்து வீடு. கூரைக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் உள்ள பரணில், முன்பிருந்தவர்கள் பரப்பி வைத்த பஞ்சு அமுங்கி, நாலு விரல்கூடத் தேறவில்லை. அதன்மேல் ஒரு முழத்துக்குக் குறையாமல் புதிதாக இட்டு நிரப்பினானாம். நிரப்பியது என்ன தெரியுமா? பழைய செய்தித்தாள். அதைப் பஞ்சாக அரைத்து, தீப்பிடிக்காமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க வெண்கார வகை உப்பைச் சேர்த்து, குழாய் வைத்துப் பரணுக்குள் ஊதுகிறார்கள். எழுத்துக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான்.

ஆனால் அவன் கடிதத்தில் என்னைத் தைத்த இடம் வேறு. அந்த வீட்டின் நிலவறையில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. வாடகையோடு கணப்புச் செலவும் சேர்த்தி. எரிவாயு ரசீது இவன் பெயருக்கு வரும். அதற்கு முன்னால் இவனிடம் இருந்த வீட்டில் குடித்தனக்காரர்களே ரசீது கட்டினார்கள். அங்கே ஆறு வருஷம் பரணை எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். "ரசீது என் பெயருக்கு வந்தபோதுதான் அண்ணா, எனக்குக் குளிர் தெரிந்தது" என்று எழுதியிருந்தான்.

குளிர் நாட்டுச் சமாசாரம் நல்லூருக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். திருப்பூரிலிருந்து காங்கயம் போகும் சாலையில், விசுவேசுவரர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் எங்கள் நல்லூர். 2011ஆம் வருஷத்தில் மாநகராட்சிக்குள் சேர்த்துவிட்டார்கள். இங்கே சித்திரை மாதத்தில் கணப்பைப் பற்றி யோசிக்கிறவனுக்குப் பைத்தியம் என்றுதான் பெயர் வரும். ஆனால் ஒன்று: வெப்பத்துக்கு உள்ளே வெளியே என்ற பேதம் கிடையாது. சூடான இடத்திலிருந்து சூடில்லாத இடத்துக்கு அது போய்க்கொண்டே இருக்கும். அங்கே வெளியே ஓடுவது இங்கே உள்ளே வருகிறது. கம்பளி சூடு தரும் என்று நாம் சொல்கிறோம். கம்பளி எந்தச் சூட்டையும் தருவதில்லை. தன் இழைகளுக்குள் காற்றை அசையவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, வெப்பத்துக்கு வழிவிடாமல் நிற்கிறது, அவ்வளவுதான். ஐஸ் வண்டிக்காரர் கட்டியைச் சாக்குப் போட்டு மூடி மரத்தூளில் புதைத்து வைத்திருந்ததை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள்.

சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிற கட்டிடம், 1842இல் பனிக்கட்டிக்காகக் கட்டியது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பேட்டைக்கு இன்னும் நிற்கிறது. பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் அறுத்த பனிப்பாளங்களை, ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி அனுப்பினார். மாதக்கணக்காகக் கடலில் வந்து, கரையேறிய பிறகும் உருகாமல் இருக்க அந்த வீடு. துரைமார்களின் கோப்பைக்காக நடந்த ஏற்பாடு இது. அந்தக் கட்டிடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். வெயிலைத் தடுக்கும் வித்தை நமக்குத் தெரியாததல்ல. யாருக்காக அதைச் செய்வது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்குக் காரணம் உண்டு.

நான் குடியிருப்பது என் அப்பாரு கட்டிய ஓட்டு வீடு. மேலே சீமை ஓடு. அதன்கீழே மச்சு. பனஞ்சட்டங்களைப் பரப்பி, பலகை அடித்து, பலகைமேல் நாலு விரல் கனத்துக்குக் களிமண் பூசியிருக்கிறது. ஓடு காய்ந்தால் அந்தச் சூடு மச்சில் தங்கி, ஓட்டுச் சந்துகள் வழியாக வெளியேறிவிடும். மண்ணைத் தாண்டிக் கீழே இறங்காது. அந்தக் காலத்தில் மாசி பங்குனியில் எடுத்த பருத்தியை மச்சில் கொட்டி வைப்பார்களாம். விலை ஏறட்டும் என்று வைத்த பருத்தி வெயிலையும் தடுத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. என் சிற்றப்பா மகன் டொரண்டோவில் ஆள் வைத்துச் செய்ததை என் அப்பாரு தெரியாமலே செய்திருக்கிறார்.

வீட்டுக்குப் பின்னால் ஆறு அறைகள் வரிசையாக இருக்கின்றன. லைன் வீடு. இது என் தகப்பனார் கட்டியது. பனியன் கம்பெனிகள் பெருகி, வெளியூர் ஜனங்கள் வந்து குவிந்த காலம். சிமெண்டுக் கல் வைத்து, மேலே சிமெண்டு அட்டை போட்டு, மூன்று மாதத்தில் குடிவைத்துவிட்டார். மச்சு இல்லை, மண் இல்லை, ஒரு தென்னங்கீற்றுக்கூட இல்லை. உச்சி வெயிலில் அந்த அட்டைமேல் கை வைக்க முடியாது. ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே வெறும் காற்று. மின்விசிறியைப் போட்டால் அந்தக் காற்றுதான் இன்னும் வேகமாக மேலே விழும். அறைக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாடகை. அதில்தான் நான் எழுதிப் பிழைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. கதைகளின் வரும்படி தபால் செலவுக்குக் காணும்.

இரண்டாம் அறையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த தம்பதிகள். அவள் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதுக்கு வருவாள். கணவன் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்கியாக வேண்டும். அட்டை வீட்டில் ஒரு விசேஷம், ராத்திரியானால் அட்டை சீக்கிரம் ஆறிவிடும். காங்கிரீட் போட்டவர்கள் வீட்டில்தான் பகலெல்லாம் குடித்த வெயிலை மேல்தளம் இரவில் கக்கும். ஆகவே ராத்திரி தூங்குகிறவர்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். பகலில் தூங்க வேண்டியவன் கதிதான் அதோகதி.

போன வருஷம் பங்குனியில் அவள் வந்து நின்றாள். "அண்ணே, மேல கொஞ்சம் கீத்துப் போட்டுக்கிறட்டுமா? அவுகளுக்குப் பகல்ல தூக்கமே இல்லண்ணே. மிஷின்ல நிக்கிறப்பக் கண்ணு சொருகுதுங்கிறாக."

"பார்க்கலாம்மா" என்றேன்.

பார்க்கலாம் என்ற வார்த்தைக்கு வீட்டுக்காரர்களின் அகராதியில் என்ன அர்த்தம் என்று குடித்தனக்காரர்களுக்குத் தெரியும். இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு கம்பெனியில் கழித்துப் போட்ட கட்டிங் வேஸ்ட்டைச் சாக்குகளில் அடைத்துக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக அட்டைமேல் பரப்பிவிட்டார்கள். வெள்ளையும் நீலமுமாக வெட்டுத் துண்டுகள் சாக்கு வாயில் பிதுங்கிக்கொண்டிருந்தன. குளிர் நாட்டார் போட்டுக்கொள்ளத் தைத்த சட்டைகளின் மிச்சம். அமெரிக்காவில் இதே மாதிரி துணிக்கழிவைப் பஞ்சாக்கிப் பரணில் போட விற்கிறார்கள் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. ஆறு அறைக்காரர்களும் பார்க்க, முற்றத்தில் நின்று சத்தம் போட்டேன். அட்டை பாரம் தாங்காது, ஏறினால் உடையும், பஞ்சில் ஒரு பொறி விழுந்தால் வரிசையே பற்றிக்கொள்ளும், மழை பெய்தால் சாக்கு நனைந்து இரண்டு மடங்கு கனக்கும். நான் சொன்னது அத்தனையும் சரி. ஒரு கொத்தனார் வந்து சொன்னாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அவர்கள் மறு பேச்சில்லாமல் சாக்குகளை இறக்கினார்கள். நான் உள்ளே வந்து, மச்சின் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பாதியில் விட்டிருந்த கதையை எடுத்தேன். பனியன் தொழிலாளி ஒருவனைப் பற்றிய கதை. என் மனைவி காப்பித் தம்ளரை வைத்துவிட்டு, "ஏனுங்க, அந்தக் கதையில வர்றவன் எந்த ரூம்ல குடியிருக்கறான்?" என்று கேட்டாள். பரிகாசமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சட்டப்படி பேசினார். "நீர் வாடகைக்கு விட்டது கூரையை. சீதோஷ்ணத்தை அல்ல. அட்டை என்று பார்த்துத்தானே குடிவந்தார்கள்? அதனால்தானே வாடகையும் குறைவு?" 2017ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதாம். கூரையைப் பற்றி எழுதியிருப்பது ஒழுகாமலும் இடியாமலும் பார்த்துக்கொள்ளும் அளவுக்குத்தான். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பை அட்டைமேல் அடித்தாலே பாதி வெயில் திரும்பிப் போய்விடும். ஆனால் சட்டம் சுவரோடு நின்றுவிட்டது.

பார்த்துத்தான் குடிவந்தார்கள் என்ற வாதத்தை நான் வெகுநாள் மனசுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சம்பளத்துக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் அட்டை வீட்டை விட்டால் தகர வீடு. தகரத்தை விட்டால் மறுபடி அட்டை. இதற்குள் ஒன்றைப் பொறுக்கியதைச் சம்மதம் என்று சொல்வதானால், பேருந்தில் நின்றுகொண்டே வருகிறவன் நிற்பதற்குச் சம்மதித்தான் என்றும் சொல்லலாம். டொரண்டோவில் யார் தலையிலாவது ரசீது விழுகிறது. வீட்டுக்காரன் கட்டுகிறான், அல்லது குடித்தனக்காரன் கட்டுகிறான். எழுத்தில் ஒரு தொகை இருக்கிறது. தொகையைப் பார்த்ததும் ஒருவனுக்குப் பரணில் ஏறத் தோன்றுகிறது. என் லைன் வீட்டில் ரசீதே கிடையாது. அந்த வெயிலுக்கான பாக்கியை ஒருவன் உடம்பு கட்டிக்கொண்டிருக்கிறது, ராத்திரி மிஷின் முன்னால் கண் சொருகுகிறபோது. கணக்கில் வராததால் நான் அதை என் லாபத்தில் ஒரு பங்கு என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடுகளுக்கு எரிசக்திச் சிக்கனத்தை வைத்து ஏ முதல் ஜி வரை தரம் போடுகிறார்கள். 2018 முதல், 'ஈ' தரத்துக்குக் கீழே இருக்கிற வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாதென்று விதி செய்து, 2020இல் பழைய குடித்தனங்களுக்கும் அதை நீட்டினார்கள். விலக்குகள் ஏராளம், ஆனாலும் பொறுப்பு இன்னாருடையது என்று பெயர் சொல்லியாவது விட்டார்கள். நம் பக்கத்தில், 2023இல் தெலங்கானா அரசு குளிர்கூரைக் கொள்கை ஒன்று கொண்டுவந்தது. பெரிய மனைகளில் கட்டுகிறவர்களுக்குக் கட்டாயம். சின்ன வீடுகளுக்கு அவரவர் விருப்பம். ஏழைகள் மேல் பாரம் ஏற்றக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் சின்ன வீட்டில் இருக்கிறவனுக்கு விருப்பமும், சின்ன வீட்டைச் சொந்தமாக வைத்திருக்கிறவனுக்குப் பணமுமாக இரண்டும் இரண்டு இடத்தில் கிடக்கின்றன.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அதுதான் என்னை அதிகம் மிரட்டியது. அறைக்கு மேல்கூரை அடித்துக் கொடுத்து, செலவுக்காக ஐந்நூறு ரூபாய் வாடகை ஏற்றினால், அந்தத் தம்பதிகளால் கொடுக்க முடியாது. போய்விடுவார்கள். குளிர்ந்த அறைக்கு வசதியுள்ள வேறு யாராவது வருவார்கள். நான் நல்லது செய்தவனாக இருப்பேன். நல்லது அடைந்தவர்கள் வேறு தெருவில் தகரத்தின் கீழே இருப்பார்கள்.

இந்த வருஷம் மாசியிலேயே ஆள் வைத்து, ஆறு அறைக்கும் அட்டைமேல் சுண்ணாம்பு பூசினேன். மழை கழுவிக்கொண்டு போகும். வருஷா வருஷம் அடிக்க வேண்டியதுதான். இரண்டு அறைகளுக்கு மட்டும் உள்ளே இரும்புச் சட்டம் கட்டி, மேல்கூரை அடித்து, அதற்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட்டு, சூடு வெளியேற இரண்டு பக்கச் சுவரிலும் துளை வைக்கச் சொன்னேன். பழைய சிமெண்டு அட்டையில் துளை போடவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று எச்சரித்து, எல்லாவற்றையும் சுவரில் தாங்கும்படி செய்தார் மேஸ்திரி. அறைக்குப் பன்னிரண்டாயிரம் ஆயிற்று. மிச்சம் நாலு அறை பாக்கி. அதற்குப் பணம் இல்லை என்பது உண்மை. இருந்திருந்தால் உடனே செய்திருப்பேனா என்பதை மட்டும் கேட்காதீர்கள். மூன்றாம் அறைக்காரர் தினமும் முற்றத்தில் என்னைப் பார்க்கும்போது ஒன்றும் சொல்லாமல் கூரையைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

சித்திரையில் ஒரு நாள் நண்பகல். அந்தப் பையன் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு பாயில் அசந்து தூங்குவதைப் பார்த்தேன். அன்று இரவு அவள் வந்தாள். "வாடகை எம்புட்டுண்ணே கூட்டப் போறீக?" என்று கேட்டாள்.

"கூட்டவில்லை, அம்மா."

அவள் நம்பவில்லை. வேறு அறை பார்க்கும்படி கணவனிடம் ஏற்கெனவே சொல்லியும் வைத்திருந்தாளாம். இது என் மனைவி மூலம் எனக்குத் தெரிந்தது. ஒன்றாம் தேதி வாடகை கொடுக்கும்போது இருநூறு ரூபாய் அதிகமாகவே வைத்துக் கொடுத்தாள். நான் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நூறு ரூபாய்த் தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்து, ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனாள்.