மணல் வீடும் உருமாறும் வண்டும்



சிறுவர் மணல்வீடு கட்டி விளையாடுவதை உவமையாக எடுத்துக்கொண்டு, பகவான் புத்தர் இராதர் என்னும் பிக்குவுக்கு ஒரு பேருண்மையை விளக்கினார். மணல்வீட்டின்மீது வேட்கை உள்ளவரை சிறுவர் அதில் மகிழ்வர், அதனைப் போற்றுவர், தமதென்று காப்பர். அவ்வேட்கை நீங்கியதும் தம் கைகளாலும் கால்களாலும் தாமே அதனைக் கலைத்துவிடுவர். உருவம் முதலான ஐங்கந்தங்களையும் அவ்வாறே கலைத்து, வேட்கையின் அழிவை நாடுக என்பது பகவான் அருளிய உபதேசம். விளையாட்டைப் பகவான் இகழ்ந்தாரில்லை என்பதை ஈண்டு நாம் கவனித்தல் வேண்டும். குழந்தை தானே கலைத்துவிட்டுப் போவதைப் பெரியவர்கள் ஏன் கலைக்க இயலாதிருக்கிறார்கள் என்பதே அவ்வுவமையில் அடங்கிய கேள்வி.

இக்கேள்வி அண்மையில் டில்லி மாநகரில் நம் முன் நேராகவே வந்து நின்றது. பௌர்ணமிக் கூட்டம் முடிந்து யாவரும் கலைந்த பின்னர், அரசு அலுவலில் உள்ள தமிழன்பர் ஒருவர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். பழைய பொம்மைகளைச் சேர்ப்பது அவர் வழக்கம். அவற்றிலும் ஒரே வகையைத்தான் சேர்ப்பார். ஒருமுறை மடித்தால் வண்டு, மறுமுறை விரித்தால் இயந்திர மனிதன் என உருமாறும் ஜப்பானியப் பூச்சிப் பொம்மைகள் அவை. சிறுவயதில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய அண்டைவீட்டுப் பையன் கையில் அத்தகைய பொம்மை ஒன்றைக் கண்டு ஏங்கியவர் அவர். நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவ்வேக்கம் அடங்கவில்லை. ஒரு மாத வீட்டு வாடகையினும் மிகுதியான தொகைக்கு, கடன் பெற்று, பொம்மை ஒன்றைக் கணினிவழி ஏலத்தில் வாங்கினார். எட்டு வயது மகள் அதனை எடுத்து மடித்தாள்; கால் ஒன்று ஒடிந்தது. அவர் மகளை அடித்துவிட்டார்.

“அன்றுமுதல் அந்த அறைக்குள் அவள் வருவதில்லை, ஐயா. பொம்மைகளை எல்லாம் விட்டெறிந்து விடட்டுமா?” என்று அவர் கேட்டார்.

அன்பர்களே! இதனைக் கேட்டு நகைத்தல் எளிது. ஆயினும், வேட்கை என்பது பொருளின் சிறுமை பெருமை பார்த்து வருவதன்று. ஊறு காரணமாக நுகர்வும், நுகர்வு காரணமாக வேட்கையும், வேட்கை காரணமாகப் பற்றும் தோன்றும் என்னும் சார்பிற்றோற்றத்தை மணிமேகலை நமக்குத் தமிழில் வகுத்துத் தந்திருக்கின்றது. அரசன் பற்றிய நாடாயினும், எழுத்தர் பற்றிய வண்டாயினும், சங்கிலி ஒன்றே.

அவ்வண்டையே சற்று ஆராய்வோம். இவ்வகைப் பொம்மைகள் 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் ஜப்பானில் எழுந்தவை. டக்காரா என்னும் நிறுவனம் காண்டாமிருக வண்டு, கொம்பு வண்டு, வெட்டுக்கிளி ஆகியவற்றின் வடிவில் இவற்றைச் செய்தது. டக்கடோக்கு என்னும் வேறொரு நிறுவனமும் உருவிற் பெரிய பூச்சிகள் நான்கைச் செய்தது. அவற்றுள் ஒன்று சிள்வண்டு. அந்நிறுவனம் 1984இல் நொடித்துப் போயிற்று. அமெரிக்க நிறுவனமாகிய ஹாஸ்புரோ இவ்விரு குழுவினையும் தன் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வரிசையில் சேர்த்து 1985இல் விற்றது. டக்காராவின் பூச்சிகள் தொலைக்காட்சிச் சித்திரக் கதையில் தோன்றிப் புகழ்பெற்றன. பின்னைய நான்கும் அதில் இடம்பெறாமையால் அறிவார் குறைந்தனர். அறிவார் குறைந்ததனாலேயே சேகரிப்போரிடை அவற்றுக்கு மதிப்பு ஏறிற்று. பிறரிடம் இல்லாதது தம்மிடம் இருக்கவேண்டும் என்னும் எண்ணத்துக்கு விலை வைத்தால் அது இவ்வாறுதான் ஏறும்.

நிற்க. அப்பொம்மை வண்டா, மனிதனா? மடித்த நிலையில் மனிதன் எங்கே போனான்? விரித்த நிலையில் வண்டு எங்கே ஒளிந்தது? இரண்டும் எங்கும் போகவில்லை, எங்கிருந்தும் வரவில்லை. உறுப்புகள் ஒருவகையாகக் கூடியபோது ‘வண்டு’ என்கிறோம். மற்றொருவகையாகக் கூடியபோது ‘மனிதன்’ என்கிறோம். தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று மிலிந்த மன்னனை நாகசேன தேரர் வினவியதும் இதுவே. அவருக்கு முன்னரே வஜிரை என்னும் பிக்குணி மாரனுக்கு இதே விடையைத் தந்தார். அன்று அரசனுக்குத் தேரைக் கொண்டு விளக்கிய அனான்மக் கொள்கையை இன்று குழந்தை தன் உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கின்றது. அநித்தியமும் அதனுள்ளேயே இருக்கின்றது. பொன்னிறத் துகள் கலந்து வார்த்த பழைய பிளாஸ்டிக் பாகங்கள், எவரும் தொடாமலே ஆண்டுக் கணக்கில் நலிந்து, ஒருநாள் தொட்டவுடன் நொறுங்குவதைச் சேகரிப்போர் நன்கு அறிவர். ஒடிந்த காலுக்குக் குழந்தையின் விரல் மட்டுமோ காரணம்? நாற்பது ஆண்டுக் காலமும் காரணமன்றோ?

இனி, சேர்ப்போர் கதை ஒன்றும் டில்லியிலேயே உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக், தோப்ரா என்னும் ஊரில் நின்ற அசோகர் தூணின்மீது ஆசை கொண்டான். பஞ்சு பரப்பி அதன்மேல் தூணைச் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுவழியே கொணர்ந்து தன் கோட்டையில் நாட்டினான். அதில் எழுதியிருந்தது யாது என அவனுக்குப் படித்துச் சொல்வார் எவருமில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் அவ்வெழுத்தைப் படித்தறிந்த பின்னரே உலகம் அதனை உணர்ந்தது. ஐந்தாம் சாசனம் கிளி, மைனா, வௌவால், ஆமை, அணில் முதலியவற்றோடு எறும்பினத்தையும் கொல்லாமைப் பட்டியலில் சேர்த்திருக்கின்றது. உயிர்கள் தங்கிய உமியை எரித்தலாகாது என்றும் விதிக்கின்றது. உமிக்குள் இருக்கும் புழுவையும் நினைந்த மன்னரின் சொல்லைத் தாங்கிய கல்லைச் சேர்த்தான் சுல்தான். சொல்லைச் சேர்க்க அவனுக்கு வாய்க்கவில்லை.

அக்கோட்டைக்கு அருகிலேயே, பகதூர் ஷா ஜபர் சாலையில், சங்கர் அவர்களின் சர்வதேசப் பொம்மைக் காட்சிசாலை உள்ளது. கேலிச் சித்திரக்காரர் சங்கர் பிள்ளைக்கு ஹங்கேரி நாட்டுப் பொம்மை ஒன்றால் பிறந்த ஆர்வம் அது. அவரும் சேர்த்தார், நாடுதோறும் தேடித் தேடிச் சேர்த்தார். ஆனால் சேர்த்தவற்றைக் குழந்தைகள் காணவேண்டுமென்று விரும்பினார். 1965இல் அக்காட்சிசாலை திறக்கப்பெற்றது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. பூட்டிய பேழையும் கண்ணாடிப் பேழையும் ஒன்றுபோலவே தோன்றும். யாருக்காகப் பேழை என்பதில்தான் வேறுபாடு.

அன்பருக்கு நாம் கூறிய விடை இதுவே. இல்லறத்தானுக்கு நான்கு இன்பங்கள் உண்டென அநாதபிண்டிகருக்குப் பகவான் உரைத்தார்: நேர்மையாய்ப் பொருள் உடைமை, அதனைத் துய்த்தல், கடனின்மை, பழியின்மை. துறவிக்கு விலக்கிய விளையாட்டுப் பொருள்களை இல்லறத்தானுக்கும் விலக்கியதாக நாம் கொள்ளவேண்டுவதில்லை. நீர் பொம்மை வைத்திருப்பது குற்றமன்று. கடன் பட்டபோது மூன்றாவது இன்பத்தை இழந்தீர்; மகளை அடித்தபோது நான்காவதையும் இழந்தீர். சினத்தில் அனைத்தையும் எறிந்தால் அதுவும் பற்றின் மறுபக்கமே, மடித்த வண்டு விரிந்து மனிதனானது போல, பற்று உருமாறி வெறுப்பாகும், அவ்வளவுதான். ஆகவே, எதனையும் எறியுமுன் மகளிடம் சென்று, நீர் செய்தது தவறென்று சொல்லும். கடன் தீருமட்டும் புதிதாக ஒன்றும் வாங்காதீர். ஒடிந்த பொம்மையை அவள் கையில் கொடும். உம் நெஞ்சில் அப்போது எழுவதை, அது எழுவதையும் அடங்குவதையும், கண் விழித்துப் பார்த்திரும். அதுவே உமக்குத் தியானம்.

அடுத்த பௌர்ணமிக்கு அவர் மகளுடன் வந்திருந்தார். கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து, மூன்று கால்கள் ஒருபுறமும் இரண்டு கால்கள் மறுபுறமுமாக இருந்த அவ்வண்டை, அச்சிறுமி தானே விரித்தாள், தானே மடித்தாள். தந்தையின் கை இருமுறை அதனை நோக்கி நீண்டது. இருமுறையும் திரும்பி மடியில் அமர்ந்தது. நேரம் சென்றதும் அவள் அதனைத் தரையில் வைத்துவிட்டு, மற்றக் குழந்தைகளோடு விளையாட எழுந்து ஓடினாள். வைத்த இடத்திலேயே அது கிடந்தது.

அன்பர்களே! மணல்வீட்டைக் கலைத்துச் செல்லும் குழந்தை அங்கே நமக்கு ஆசிரியையாய் விளங்கினாள். நம் பேழைகளில் பூட்டி வைத்திருப்பது யாதென ஒவ்வொருவரும் இன்றிரவு எண்ணிப் பார்ப்போமாக. அது பொம்மையாயினும், பொருளாயினும், புகழாயினும், ‘எனது’ என்னும் பழைய சினமாயினும், அதனால் அடிபட்டவர் யாரென்றும் உடனே எண்ணுவோமாக. அவரிடம் செல்வதே நமது முதற்கடன்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!