இரவல் கருவி

என் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் துளையிடும் எந்திரம் ஒன்று இருக்கிறது. கடைக்காரர்கள் 'டிரில்லிங் மிஷின்' என்பார்கள். கடந்த ஆறு ஆண்டுகளில் நான் அதை இயக்கிய நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு மணி தேறாது. ஒரு புத்தகத் தட்டு, ஒரு முகக்கண்ணாடி, இரண்டு திரைச்சீலைக் கம்பிகள், அவ்வளவே. ஆயினும் அதைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை விடாது தொடர்கிறது.

அந்த எந்திரம் முதலில் என்னுடையதன்று. எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் தச்சருடையது. ஒரு ஞாயிறு பிற்பகல் சுவரில் எட்டுத் துளைகள் போடவேண்டியிருந்தது. அவரிடம் சென்று எந்திரத்தைக் கேட்டேன். "நானே வந்து போட்டுக் குடுத்துர்றேன் சார்" என்றார். "சின்ன வேலைதானே, உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்றேன். சற்றுத் தயங்கியவர், எந்திரத்தையும் ஒரு தகரப் பெட்டியில் துளைமுனைகளையும் எடுத்துக் கொடுத்தார். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்தேனா, அரைநாள் கூலி கொடுக்கவேண்டாம் என்று நினைத்தேனா? அன்று முதற்காரணத்தையே மனதார நம்பினேன்.

முதல் இரண்டு துளைகள் செங்கல்லில் எளிதாக இறங்கின. மூன்றாவது, சன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் உத்தரத்தில். நான் மாட்டியிருந்ததோ மரத்துக்கான முனை. முனை இறங்காததால் என் உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். சுழற்சி தளர்ந்தால் உள்ளே குளிர்விக்கும் விசிறியும் தளரும், மின்னோட்டம் கூடும், செப்புச் சுருள் சூடேறிக் கருகும். இவையெல்லாம் பின்னர் நான் அறிந்தவை. அன்று அறிந்தது எரிந்த நெடி ஒன்றைத்தான்.

"பரவாயில்ல சார், பழசுதானே" என்றார் தச்சர். அவர் மறுநாள் ஒரு புதுக்கட்டடத்தில் கதவு நிலைகள் பொருத்தப் போகவேண்டியவர் என்பதை அவருடைய மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாதக் கடைசி, என் கையில் பணமில்லை. சம்பளம் வரட்டும் என்று நான்கு நாள் காத்திருந்தேன். அந்த நான்கு நாளும் அவரும் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சம்பளம் வந்த மாலையே ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கயிற்றுச் சுருள்கள், எடைபோட்டு விற்கும் ஆணிகள், ரசமட்டங்கள், குறடுகள், கிரீஸ் வாடை. கடைக்காரர் கேட்ட முதற்கேள்வி: "வீட்டு உபயோகத்துக்கா, தொழிலுக்கா?"

இரண்டும் பார்வைக்கு ஒன்றே போலிருந்தன. விலையில் ஏறத்தாழ இருமடங்கு வேறுபாடு. தொழிலுக்கானதில் பல்சக்கரங்களின் உறை உலோகம். தேய்ந்த கார்பன் பிரஷ்களை வெளியிலிருந்தே கழற்றி மாற்றலாம். நாள் முழுதும் ஓட்டினாலும் தாங்கும். வீட்டுக்கானது சிறிது ஓடிச் சிறிது ஓய்வதற்கென்றே செய்யப்பட்டது. என் கை முதலில் மலிவானதை நோக்கியே போனது என்பதை மறைப்பதற்கில்லை. அவருடையது பழையதுதானே, புதிதாக எதைக் கொடுத்தாலும் இலாபம்தானே என்று உள்ளம் வழக்காடியது. "யாருக்கு சார்?" என்று கடைக்காரர் கேட்க, நான் பெயரைச் சொல்ல, அவர் தம்முடைய வாடிக்கையாளர் என்று முகம் மலர்ந்தார் அவர். அதன்பின் மலிவானதை வாங்க எனக்குத் துணிவில்லை. என் நேர்மைக்கு அன்று ஒரு சாட்சி தேவைப்பட்டது.

கான்கிரீட்டுக்கென்று 'விடியா' முனைகளும் வாங்கினேன். 1920களில் ஜெர்மனியின் குருப் நிறுவனம் தன் கடின உலோகத்துக்கு இட்ட பெயர் அது. 'வைரம் போல' என்னும் ஜெர்மன் சொற்றொடரின் சுருக்கமாம். எத்தனை தொலைவிலிருந்து வந்த சொல், நம் கொத்தனார்களின் நாவில் ஊர்ச்சொல்லாகவே குடியேறிவிட்டது!

தச்சர் எந்திரத்தைப் பெற்றுக்கொண்டார். நான்கு நாள் கூலியை நீட்டியபோது மறுத்தார். நான் மீண்டும் ஒருமுறை நீட்டினேன், மீண்டும் மறுத்தார், பணத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். இங்கேதான் என் கேள்வி. நான் அவரிடம் பட்ட கடன் எந்திரமா, நாள்களா?

திரிகைக் கல்லை அடகாக வாங்குவது ஓர் உயிரையே அடகாக வாங்குவதாகும் என்று இணைச்சட்ட நூல் கருதுகிறது. கருவி ஒருவனுக்கு வெறும் உடைமையன்று, அவன் வீட்டு உலைநீர் என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது. எலிசாவின் காலத்தில் யோர்தான் கரையில் மரம் வெட்டிய ஒருவனின் கோடரி நீரில் விழுந்தபோது, அது இரவல் வாங்கியது என்றே அவன் கதறினான். இரும்பு மிதந்த புதுமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்தக் கதறலைப் பற்றிப் பேசுவதில்லை. நான் கதறவில்லை. சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பொருளை ஒருவர் தமதாக வைத்திருக்கலாம், ஆனால் பயன்படுத்துவதில் அதைப் பொதுவாகக் கருதித் தேவையுள்ளோரோடு பகிரவேண்டும் என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலில் இதையே எடுத்தாண்டார். இந்நெறியைக் காட்டி அன்று என் இரவலை நியாயப்படுத்தியிருக்கலாம். உள்ளவன் பகிரவேண்டும், அவரிடம் எந்திரம் இருந்தது, என்னிடம் இல்லை. ஆனால் என் தேவை எட்டுத் துளைகள். அவர் தேவை அன்றாடச் சோறு. இல்லாதவனாக நான் போய் நின்றது ஒருவகை வேடம். அவரிடம் விலைக்கு இருந்த உழைப்பை வேண்டாமென்று, விலையின்றிக் கிடைத்த கருவியை மட்டும் கேட்டேன். எந்திரம் கருகாமல் திரும்பியிருந்தாலும் அந்தக் கணக்கு நேராகியிருக்காது என்றே இப்போது தோன்றுகிறது.

கருகிய எந்திரத்துக்குச் சுருள் கட்டி, தச்சர் கேட்டுக்கொண்டபடி நானே வைத்துக்கொண்டேன். தெருவில் யார் கேட்டாலும் கொடுக்கிறேன். தச்சரை அழைக்கும் வீடுகள் அதனால் ஒன்றிரண்டு குறைந்தனவோ என்ற ஐயமும் உண்டு. அதற்கு என்னிடம் விடையில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை அவர் வாசலில் வந்து நின்றார். புதிய எந்திரம் பழுதுபார்க்கப் போயிருந்தது. "ஒரு நாளைக்கு மட்டும் வேணும் சார்" என்று கேட்டார், அது ஒரு காலத்தில் அவருடையதாக இருந்ததையே மறந்தவர்போல. மாலையில் திருப்பிக் கொண்டுவந்தார். துணியால் துடைத்திருந்தார். தேய்ந்திருந்த கார்பன் பிரஷ்களை மாற்றிப் புதியன போட்டிருந்தார். என்ன விலை என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று படியிறங்கிப் போய்விட்டார்.