வேகம் உண்டு, செய்தி உண்டா?

தியானப் பகுதி: 2 சாமுவேல் 18:19-32

 

இந்த மாதம் கார்களைப் பற்றி எழுதப் போகிறேன். "பாஸ்டருக்கு என்ன ஆச்சு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பொறுமையோடே கடைசிவரை வாசியுங்கள். கர்த்தர் முதலாவது என்னோடே பேசினார். அதனால்தான் உங்களோடே பேசத் துணிகிறேன்.

நம் சபையில் ஒரு வாலிபத் தம்பி உண்டு. தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் அறைச் சுவரில் பெரிய கார் படம் ஒன்று, புகாட்டி வேரான். வீட்டு ஜெபத்துக்குப் போனபோது பார்த்தேன். அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்திலிருந்து, பேர் சொல்லாமல், "சுவரில் விக்கிரகம் ஒட்டியிருக்கிற வாலிபரே, கிழித்துப் போடுங்கள்!" என்று முழங்கினேன். சபையார் "ஆமென்" என்றார்கள். அந்தத் தம்பி அதற்கப்புறம் மூன்று ஞாயிறு சபைக்கு வரவில்லை.

தாயார் வந்து அழுதார்கள். நான் அவன் வீட்டுக்குப் போனேன். "தம்பி, இந்தக் காரில் அப்படி என்னதான் இருக்கு? நீயே சொல்லு, நான் கேட்கிறேன்" என்று பாயில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினான். பைபிள் காலேஜில்கூட நான் அவ்வளவு கவனமாய் உட்கார்ந்தது கிடையாது. அவன் பேசப் பேச வேதவசனங்கள் எனக்குள்ளே ஒவ்வொன்றாய் எழும்பின. முடிவில் அவன் சொன்ன ஒரு வார்த்தை என்னை உடைத்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. துரத்துகிறவன் இன்னும் வேகமானவன்

1998இல் மெக்லாரன் எஃப்1 என்ற கார் மணிக்கு 386 கிலோமீட்டர் ஓடியது. சாலையில் ஓட்ட விற்கப்படும் கார்களில் இதை மிஞ்ச முடியாது என்றார்கள். 2005இல் புகாட்டி வேரான் 407 தொட்டது. 2010இல் அதன் சூப்பர் ஸ்போர்ட் 431. 2017இல் சுவீடன் தேசத்துக் கோனிக்செக் 447. 2019இல் புகாட்டி ஷிரான் 490. 2025இல் சீன தேசத்து யாங்வாங், பெட்ரோலே இல்லாமல் மின்சாரத்தில், 496!

கவனித்தீர்களா? ஒருவன் மகுடம் சூடுகிறான். அது தலையில் நிலைப்பதற்கு முன்பே அடுத்தவன் வருகிறான். ஏசாயா 30:16ஐ எடுத்து வாசியுங்கள். வேகமான குதிரைகளில் ஏறிப் போவோம் என்று இஸ்ரவேலர் சொன்னபோது, உங்களைத் துரத்துகிறவர்களும் வேகமாய் வருவார்கள் என்று கர்த்தர் எச்சரித்தார். அதற்கு முந்தின வசனத்தில் அவர்களுக்கு என்ன கொடுக்க நினைத்தார்? அமரிக்கையும் நம்பிக்கையும். அவர்களோ வேண்டாம் என்றார்கள். தேவ ஜனமே, மற்றவனை முந்துவதில் உன் சந்தோஷம் இருக்குமானால், உன்னை முந்துகிறவன் வரும் நாளில் அந்தச் சந்தோஷம் போய்விடும்.

2. கடைசிக் கொஞ்சத்துக்குத்தான் பெரிய விலை

தம்பி ஒரு கணக்குச் சொன்னான். கார் வேகமாகப் போகப் போக அதை எதிர்க்கிறது காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. அந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு போக எஞ்சினுக்கு எட்டு மடங்கு பலம் வேண்டும். வேரானுக்கு 16 சிலிண்டர், 4 டர்போ, சூட்டைத் தணிக்க மட்டும் 10 ரேடியேட்டர், 1001 குதிரைத்திறன். 407இலிருந்து 431க்குப் போக என்ன ஆயிற்று? இன்னும் 200 குதிரைத்திறன் சேர்த்து 1200 ஆக்கினார்கள். இரண்டு குடும்பக் கார்களின் பலத்தைக் கொட்டி, கிடைத்தது 24 கிலோமீட்டர்!

உச்ச வேகத்தில் ஓட்டினால் வேரானின் 100 லிட்டர் டேங்க் ஏறக்குறைய 12 நிமிஷத்தில் காலி. டயர் ஏறக்குறைய கால் மணி நேரம் தாங்கும். "டயர் வெடிக்குமேன்னு பயப்பட வேண்டாம் ஐயா, அதுக்குள்ள பெட்ரோல் தீந்துடும்" என்று தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளத்தில் குத்தியது. நம்மில் எத்தனை பேர் கடைசி 24 கிலோமீட்டருக்காக வாழ்நாளின் டேங்கைக் காலி பண்ணுகிறோம்! சம்பளம் போதும், இன்னும் ஒரு ஷிப்ட். வீடு போதும், இன்னும் ஒரு மாடி. ஊழியம் போதும் என்று சொல்லலாமா என்கிறீர்களா? ஊழியக்காரனுக்கும் இது பொருந்தும். வருகிறேன்.

3. தரையைத் தொடுகிற இடம்

எஞ்சின் எவ்வளவு பெரியதானாலும் கார் தரையைத் தொடுவது நாலு டயரில்தான். ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஒரு விரித்த கை அளவு இடம். முழு பலமும் அந்த நாலு கை வழியாகத்தான் போக வேண்டும். 490 வேகத்தில் டயரின் மேல்புறத்தில் இருக்கிற ஒரு கிராம் ரப்பரை, ஐந்து கிலோ எடை தொங்குவதுபோல வெளியே இழுக்கிறதாம். அதனால் அந்த 2019 ஓட்டத்துக்கு முன்பு டயர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மேலே பார்த்தால் புது டயர், பளபளப்பு. உள்ளே இருக்கிற கம்பி இழைகள் சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி.

இன்னொன்று. 431 ஓடிய அந்த சூப்பர் ஸ்போர்ட் காரை விலைக்குக் கொடுக்கும்போது 415க்கு மேல் போகாதபடி பூட்டிக் கொடுத்தார்கள். ஏன்? எஞ்சினில் குறைவில்லை. டயரைக் காப்பாற்ற! காரின் எல்லையைக் குறித்தது எஞ்சின் அல்ல, டயர்.

பிரியமானவர்களே, வரமும் அபிஷேகமும் பிரசங்கமும் எஞ்சினைப் போல. நீ மனைவியோடே பேசுகிற பேச்சு, கடையில் சொன்ன வாக்கு, வாங்கின கடன், இவைதான் டயர். ஜனங்கள் உன்னைத் தொடுகிற இடம் அது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு ஊர் கைதட்டும். கர்த்தரோ எக்ஸ்ரே எடுக்கிறவர். அவர் இருதயத்தைப் பார்க்கிறார் (1 சாமுவேல் 16:7).

4. எதிர்க்காற்றிலும் ஓடிக் காட்டவேண்டும்

காரின் வேகத்தைச் சாதனையாக ஒத்துக்கொள்ள ஒரு பழைய ஒழுங்கு உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஓடினால் போதாது. ஒரு மணி நேரத்துக்குள் அதே பாதையில் எதிர்ப்பக்கமும் ஓடி, இரண்டின் சராசரியைத்தான் எழுத வேண்டும். ஏன்? காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கலாம், பாதை சரிவாக இருந்திருக்கலாம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 2017இல் நெடுஞ்சாலையை மூடி, கோனிக்செக்கை ஓட்டினார்கள். ஒரு பக்கம் 458, மறுபக்கம் 436. எழுதப்பட்டது 447. ஷிரானின் 490 ஒரே பக்கம் ஓடியதுதான் என்று இன்றும் குறை சொல்கிறார்கள்.

அதே நெடுஞ்சாலையில் 2020 அக்டோபரில் எஸ்.எஸ்.சி. டுவாட்டாரா என்ற அமெரிக்கக் கார் ஓடியது. சராசரி 508 என்று அறிவித்தார்கள். உலகமே வியந்தது. ஆனால் சில கார் பிரியர்கள் அந்த வீடியோவைக் கூர்ந்து பார்த்தார்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை விநாடி என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு உதைத்தது. 2021 ஜனவரியில் புளோரிடாவில் மறுபடியும் ஓட்டியபோது சராசரி 455. அதே வருஷம் ஜூலையில், முதலில் சொன்ன வேகத்தை எட்டவில்லை என்று கம்பெனியே ஒத்துக்கொண்டது. நிறுத்துப் பார்த்தபோது குறைவாகக் காணப்பட்டது (தானியேல் 5:27).

455 சாதாரண வேகமா? அல்ல! உள்ளதைச் சொல்லியிருந்தால் அதுவே பெருமை. சகோதரரே, இந்த இடத்தில் நாமும் நெஞ்சில் கை வைக்க வேண்டும். 200 பேர் வந்த கூட்டத்தை 2000 என்று எழுதுகிற எழுப்புதல் பத்திரிகைகள் உண்டு அல்லவா? உண்மையான 200 பேர், கணக்கில் மட்டும் இருக்கிற 2000 பேரைவிடப் பெரிது. காற்று சாதகமாய் அடிக்கும்போது ஓடினாய், சரி. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் அரிசி இல்லை, அப்பொழுதும் ஓடினாயா? இரண்டின் சராசரிதான் உன் விசுவாசம்.

5. நிற்கத் தெரிந்தவனே ஓடலாம்

வேரானில் உச்ச வேகத்துக்கென்று இரண்டாவது சாவி ஒன்று உண்டு. காரை நிறுத்தி அந்தச் சாவியைப் போட வேண்டும். எல்லாம் சரியா என்று கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். பிறகுதான் உடல் தாழ்ந்து, ஓட ஆயத்தமாகும். பிரேக்கைத் தொட்டால் அந்த நிலை போய்விடும். முதலில் நிற்க வேண்டும், தன்னைச் சோதிக்க வேண்டும், தாழ வேண்டும். எவ்வளவு அருமையான பாடம்!

2017இல் ஷிரானை நின்ற நிலையிலிருந்து 400க்குக் கொண்டுபோய் மறுபடியும் நிறுத்தினார்கள். மொத்தம் 42 விநாடி. ஏறுவதற்கு 32.6, நிற்பதற்கு 9.3. வேகத்தில் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிற பின் இறக்கை, பிரேக் போட்டதும் சுவர்போல எழும்பி நின்று காற்றைத் தடுக்கிறது.

வாலிபத் தம்பிகளே, ஒன்றைக் கண்டிப்பாய்ச் சொல்கிறேன். இந்த ஓட்டங்களெல்லாம் மூடின பாதையில், பயின்ற ஓட்டுநர், எக்ஸ்ரே எடுத்த டயரோடு ஓடியவை. மாடும் பள்ளிக்கூடப் பிள்ளையும் குறுக்கே வருகிற நம் ரோட்டில் பைக்கை முறுக்குவது தைரியமல்ல. அவசரப்படுகிற கால் தப்பிப் போகும் (நீதிமொழிகள் 19:2).

எங்கே போய்ச் சேர்ந்தாய்?

மெக்லாரனும் வேரானும் ஷிரானும் சாதனை செய்த இடம் ஒன்றே. ஜெர்மனியில் ஏரா-லெசியன் என்கிற சோதனைப் பாதை, ஃபோக்ஸ்வாகன் கம்பெனியுடையது. ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நேர்கோடு, இரண்டு முனையிலும் வளைவு. உலகத்தின் அதிவேகக் கார்கள் அங்கே பாய்ந்து, வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகின்றன. சோதனை என்றால் அப்படித்தான் இருக்கும், அதில் குற்றமில்லை. ஆனால் ஒருவனுடைய வாழ்க்கையே சோதனைப் பாதை ஆகிவிட்டால்?

தியானப் பகுதிக்கு வாருங்கள். யுத்தம் முடிந்தது, அப்சலோம் செத்தான். செய்தி சொல்லக் கூஷி ஓடுகிறான். அகிமாஸ், "நானும் ஓடட்டும்" என்கிறான். உனக்குத் தக்க செய்தி இல்லையே என்று யோவாப் தடுக்கிறான். எது நடந்தாலும் ஓடுவேன் என்று சமனான வழியாய் ஓடி, கூஷியை முந்திவிட்டான். அகிமாஸ்தான் முதலிடம்! தாவீது ஒரே ஒரு கேள்வி கேட்டான்: பிள்ளை சுகமா? ஒரு சந்தடியைக் கண்டேன், இன்னதென்று தெரியாது என்றான் அகிமாஸ். ராஜா அவனை ஓரமாய் நிற்கச் சொன்னான். முந்தி வந்தவன் ஓரத்தில், பிந்தி வந்தவன் வாயில் செய்தி.

இப்போது அந்தத் தம்பி சொன்னதைச் சொல்கிறேன். பேசி முடித்து, தலை குனிந்து, மெதுவாகச் சொன்னான்:

"ஐயா, அப்பா படுத்த படுக்கையா இருந்தப்ப வந்தீங்க. வாசல்ல வண்டிய ஆஃப் பண்ணவே இல்ல, ஓடிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் ஜெபம் பண்ணிட்டு அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிட்டீங்க. அப்பா உங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு வாயத் திறந்தாரு. நீங்க பாக்கல. அந்த வெள்ளிக்கிழமை போயிட்டாரு. என் காரு சுவத்துலதான் ஐயா நிக்குது."

என்னால் பேச முடியவில்லை. அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று வீட்டு ஜெபம், இரண்டு கூட்டம், எல்லாவற்றையும் முடித்தேன் என்று படுக்கும்போது ஸ்தோத்திரம் சொன்னேனே! அகிமாஸ் வேறு யாருமல்ல, நான்தான். ஒரு தகப்பன் என்னிடம் கடைசியாய்ச் சொல்ல நினைத்தது என்ன? பாவ அறிக்கையா? பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படியான விண்ணப்பமா? நான் அதை இனி இந்த உலகத்தில் அறிய மாட்டேன். "மன்னிச்சிரு தம்பி" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான். அடுத்த ஞாயிறு சபைக்கு வந்தான்.

அந்தப் படம் இன்னும் சுவரில் இருக்கிறது. கிழிக்க நான் சொல்லவில்லை. கைவேலையின் ஞானத்தைப் பெசலெயேலுக்குக் கொடுத்தவர் கர்த்தர்தானே (யாத்திராகமம் 31:2-5)? நல்ல வேலையை வியப்பது பாவமல்ல. வேகத்துக்கு முன்பாக ஆத்துமாவைப் பலியிடுவதே பாவம். அதைப் பீடத்தில் நின்று செய்தவன் நான். இப்பொழுதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் வண்டியை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு வீடுதான் முடிகிறது. ஆனால் உட்காருகிறேன்.

தேவப்பிள்ளையே, உன் வாசலில் எந்த வண்டி அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது? யார் உன்னிடம் பேச வாய் திறந்து காத்திருக்கிறார்கள்? வயதான தாயா? கட்டின மனைவியா? பள்ளியிலிருந்து வந்த பிள்ளையா? இன்றைக்கே அதை அணைத்துப் போடு. ஓட்டம் வேகமுள்ளவன் கையில் இல்லை (பிரசங்கி 9:11). நமக்கு நியமித்த ஓட்டத்தைப் பொறுமையோடே ஓடுவோம் (எபிரெயர் 12:1).

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, நாங்கள் ஓடினோம், ஆனால் நிற்கவில்லை. முந்தினோம், ஆனால் செய்தி கொண்டுபோகவில்லை. எங்களை மன்னியும். நிற்க வேண்டிய வாசலில் நிற்கவும், கேட்க வேண்டிய சத்தத்தைக் கேட்கவும் கிருபை தாரும். எங்கள் வாலிபரைச் சாலைகளில் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.