காய்ச்சலோடு பொங்காலைக்குப் போகலாமா?

பெண்கள் அம்மனுக்குப் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்காலை நாளில், திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தைச் சுற்றி கால் வைக்க இடம் இருக்காது. மூன்று செங்கல், ஒரு மண்பானை, கண்ணைக் கரிக்கும் புகை. அடுத்த அடுப்பு ஒரு முழம் தள்ளி. 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு.

2020 மார்ச் 9 அன்றும் பொங்காலை நடந்தது. முந்தின நாள்தான் பத்தனம்திட்டாவில் ஐந்து பேருக்குக் கொரோனா உறுதியாகியிருந்தது. இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் வர வேண்டாம், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் வீட்டிலேயே பொங்கலிடுங்கள் என்று கேரள அரசு கேட்டுக்கொண்டது. 2021-இலும் 2022-இலும் பக்தர்கள் எல்லாருமே வீட்டில்தான் பொங்கலிட்டார்கள். அம்மன் அதை ஏற்கவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அந்தக் கவனம் இப்போது நம்மிடம் இல்லையே என்பதுதான் என் கவலை. “லேசான ஜலதோஷம்தானே, ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும்” என்று கிளம்பிவிடுகிறோம். மாத்திரை காய்ச்சலை இறக்கும், தொற்றை நிறுத்தாது. ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்து ஏறக்குறைய ஒரு வாரம் வரை பரவும். சின்னம்மை என்றால், கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை.

பக்கத்து அடுப்பை ஊதிக்கொண்டிருப்பவள் கர்ப்பிணியாக இருக்கலாம். நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வந்த, சர்க்கரை நோயுள்ள பாட்டியாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளவா முடியும்? நேர்ந்துகொண்டதை விட மனசு வராதுதான். உடம்பு சரியில்லாத வருஷம், அந்த அடுப்பை வீட்டு முற்றத்திலேயே மூட்டுங்கள்.